வேரறிந்த மருத்துவர்

நுழையும்முன்

சினம் வந்தால் முகம் சிவக்கிறது. அச்சம் வந்தால் நெஞ்சு படபடக்கிறது. கவலை மிகுந்தால் உறக்கம் கெடுகிறது. உள்ளத்தில் எழும் உணர்வு உடலில் எவ்வாறு வெளிப்படுகிறது? இவ்வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டின் அறிவியல் விடைகாண முற்பட்டபோது, அதற்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று நம் நாட்டுக் காடுகளில் வளரும் ஒரு சிறு செடியின் வேர். அவ்வேரின் ஆற்றலை முறையாக அளந்து உலகுக்கு உணர்த்தியவர் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல். அவரது வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மருந்தில்லாத நோய்

1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் ஓவியர் ஒருவர் தம்மை வரைவதற்காக அமர்ந்திருந்தார். திடீரெனத் தலை வலிப்பதாகக் கூறியவர் நினைவிழந்து சாய்ந்தார். மருத்துவர் அளந்தபோது அவரது இரத்த அழுத்தம் 300/190 என்னும் அளவில் இருந்தது. மூளையின் இரத்தக்குழாய் வெடித்திருந்தது. அன்று பிற்பகலே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 63.

உலகின் வலிமைமிக்க நாடொன்றின் தலைவருக்கு அருகிலேயே மருத்துவர்கள் இருந்தனர்; அவரது இரத்த அழுத்தம் உயர்ந்து வருவதையும் அவர்கள் ஓராண்டுக்கும் மேலாக அறிந்திருந்தனர். ஆயினும் அதைத் தணிக்கும் தக்க மருந்து அவர்களிடம் இல்லை. உப்பைக் குறைத்தல், ஓய்வெடுத்தல், உறக்கமூட்டும் மாத்திரைகளை உட்கொள்ளுதல் ஆகியவையே அக்கால மருத்துவம். நோய் முற்றியவர்களுக்கு முதுகுத்தண்டின் அருகிலுள்ள நரம்புகளை வெட்டி நீக்கும் கடுமையான அறுவை மருத்துவமும் செய்யப்பட்டது. உயர்ந்த அழுத்தம் உடலுக்குத் தேவையானதே, அதைக் குறைப்பது தீங்காகும் என எண்ணிய மருத்துவர்களும் அந்நாளில் இருந்தனர்.

குடியரசுத் தலைவருக்கே இந்நிலை என்றால் மும்பையின் பொது மருத்துவமனைக்கு வந்த ஏழை எளியோரின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. பக்கவாதத்தால் கைகால் விளங்காமல் போனவர்களும், இதயம் தளர்ந்து மூச்சு வாங்கியவர்களும் அங்கே நாள்தோறும் வந்தவண்ணம் இருந்தனர். அவர்களிடையே பணியாற்றியவர்தாம் வக்கீல்.

இளமையும் கல்வியும்

ருஸ்தம் ஜால் வக்கீல் 1911ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள் மும்பையில் பார்சி குடும்பமொன்றில் பிறந்தார். பார்சி மக்களிடையே தொழிற்பெயர்கள் குடும்பப் பெயர்களாக நிலைபெறுவது உண்டு; வக்கீல் என்பதும் அத்தகைய குடும்பப் பெயரே. இலண்டனில் மருத்துவம் பயின்று உயர் பட்டம் பெற்ற அவர், இதயநோய் மருத்துவத்தில் தனி ஈடுபாடு கொண்டார். 1930களின் இறுதியில் தாயகம் திரும்பி, மும்பையில் உள்ள கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையில் பணியாற்றத் தொடங்கினார்.

அம்மருத்துவமனைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அதனோடு இணைந்த மருத்துவக் கல்லூரிக்குப் பொருளுதவி அளித்த கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் அறக்கட்டளையினர், அங்கே தகுதிவாய்ந்த இந்தியர்களே ஆசிரியர்களாக அமர்த்தப்பட வேண்டும் எனக் கட்டளையிட்டிருந்தனர். உயர் பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர் கையில் இருந்த காலம் அது. இந்தியராலும் உயர்தர மருத்துவம் பயிற்றவும் ஆராயவும் இயலும் என்பதை மெய்ப்பிக்கும் களமாக அந்நிறுவனம் விளங்கியது. வக்கீலின் ஆராய்ச்சியும் அம்மண்ணிலேயே வேர்கொண்டது.

மண்ணுள் இருந்த மருந்து

சர்ப்பகந்தா என்பது முழங்கால் உயரம் வளரும் ஒரு செடி. இமயமலை அடிவாரம் முதல் மேற்குத் தொடர்ச்சி மலைவரை நிழலும் ஈரமும் உள்ள காடுகளில் அது வளர்கிறது. சிறுசிறு வெண்ணிறப் பூக்களும், முதிர்ந்தபின் கருமை கொள்ளும் கனிகளும் உடையது. வளைந்து நெளிந்த அதன் வேர் பாம்பை நினைவூட்டும். பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் வயிற்றுநோய்க்கும் நம் முன்னோர் அதனைப் பயன்படுத்தினர். பீகார்ப் பகுதியில் அதற்குப் பித்தர்களின் மருந்து என்னும் பொருள்படும் பெயரே வழங்கியது. மனம் கலங்கிக் கூச்சலிடுவோரை அமைதிப்படுத்தி உறங்கச் செய்யும் ஆற்றல் அவ்வேருக்கு உண்டு என்பதை நாட்டு மருத்துவர்கள் பட்டறிவால் அறிந்திருந்தனர்.

பட்டறிவை ஆய்வறிவாக மாற்றும் முயற்சி 1931ஆம் ஆண்டில் தொடங்கியது. கொல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவர்கள் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும், இவ்வேர் மனநோயையும் உயர் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதாகக் கட்டுரை வெளியிட்டனர். அதே ஆண்டு தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் வேதியியலாளர் தம் உடன்பிறந்தாரோடு சேர்ந்து அவ்வேரிலிருந்து சில வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்றுக்குத் தம்மை ஆதரித்த மருத்துவப் பெரியார் அக்கீம் அஜ்மல்கான் நினைவாக அஜ்மலின் எனப் பெயர் சூட்டினார். இந்திய மருந்தியலின் தந்தை எனப் போற்றப்படும் இராம்நாத் சோப்ராவும் 1933இல் கொல்கத்தாவில் இதனை விலங்குகளில் ஆராய்ந்து, அழுத்தத்தைக் குறைக்கும் பண்பை உறுதிசெய்தார்.

எனினும் இச்செய்திகள் இந்திய எல்லையைக் கடக்கவில்லை. இந்திய இதழ்களில் வெளிவந்தவற்றை மேலைநாட்டு மருத்துவர்கள் பெரிதும் படிப்பதில்லை. வேரைப் பொடித்துச் செய்த மாத்திரைகள் நம் நாட்டு மருந்துக்கடைகளில் விற்பனையாயின. ஆனால் எவ்வளவு கொடுத்தால் எத்தனை பேருக்கு எந்த அளவு பயன் கிட்டும் என்பதை எவரும் ஐயத்துக்கு இடமின்றிக் கூறவில்லை.

தெரிந்து தெளிவோம்

சர்ப்பகந்தாவின் தாவரவியல் பெயர் ரவுல்ஃபியா செர்பென்டினா. பதினாறாம் நூற்றாண்டில் மேற்காசிய நாடுகளில் பயணம் செய்து மூலிகைகளை ஆராய்ந்த ஜெர்மானிய மருத்துவர் லியோனார்டு ரவுல்ஃப் நினைவாக, பிரெஞ்சுத் தாவரவியலாளர் சார்லஸ் புளூமியே 1703இல் இவ்வினத்துக்குப் பெயரிட்டார்.

ஐம்பது நோயாளிகள்

இரத்த அழுத்தத்தை ஆராய்வது எளிதன்று. அது மணிக்கு மணி மாறும் இயல்புடையது. மருத்துவரைக் கண்ட அச்சத்தாலேயே சிலருக்கு உயரும். மருத்துவமனையில் சிலநாள் ஓய்வெடுத்தால் மருந்தில்லாமலே தணியும். எனவே ஒரு மருந்தை உட்கொண்டபின் அழுத்தம் குறைந்தது என்பதால் மட்டுமே, அம்மருந்தால் குறைந்தது என முடிவு செய்துவிட முடியாது. இந்த இடரை வக்கீல் நன்கு உணர்ந்திருந்தார். புகழ்பெற்ற மூலிகை என்பதற்காக அதனை ஏற்கவுமில்லை. நாட்டு மருந்து என்பதற்காக அதனை ஒதுக்கவுமில்லை. அளந்து பார்ப்பதே வழி எனக் கொண்டார்.

பல ஆண்டுகள் சர்ப்பகந்தாவைத் தம் நோயாளிகளுக்கு அளித்துப் பழகிய அவர், உயர் இரத்த அழுத்தம் உடைய 50 பேரைத் தேர்ந்து முறையான ஆய்வொன்றை மேற்கொண்டார். வேர்ப்பொடி மாத்திரைகளை நான்கு வாரம் அளித்து, அவர்களது இரத்த அழுத்தத்தைப் பலமுறை அளந்து பதிவு செய்தார். நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோருக்கு அழுத்தம் தணிந்தது. அத்துடன் பலரிடம் படபடப்பும் தலைவலியும் குறைந்து, மனத்தில் அமைதி கூடியதையும் அவர் கண்டார்.

இம்முடிவுகளை அவர் 1949இல் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் வெளியிட்டார். இவ்விதழைத் தேர்ந்ததில் ஒரு நுட்பம் உண்டு. அது உலகெங்கும் உள்ள இதயநோய் மருத்துவர்கள் தவறாது படிக்கும் இதழ். நாட்டுக்கு உள்ளேயே பதினெட்டு ஆண்டுகளாக ஒலித்துக்கொண்டிருந்த ஒரு செய்தி, அக்கட்டுரையால் உலகின் செவிக்கு எட்டியது. தமக்கு முன்னர் இத்துறையில் உழைத்த இந்தியர்களின் பணியின்மீதே வக்கீலின் ஆய்வு எழுந்தது என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

கடல்கடந்த வேர்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இரத்த அழுத்த நோயை ஆராய்ந்துவந்த ராபர்ட் வில்கின்ஸ் வக்கீலின் கட்டுரையைப் படித்தார். இந்தியாவிலிருந்து சர்ப்பகந்தா மாத்திரைகளை வரவழைத்துத் தம் நோயாளிகளுக்கு அளித்தார். அழுத்தம் தணிந்தது; அதனினும் வியப்பளித்தது வேறொன்று. பழைய உறக்க மருந்துகளைப் போல நோயாளிகளை மயக்கத்தில் ஆழ்த்தாமல், விழித்திருக்கும்போதே அமைதியாக இருக்கச் செய்தது அவ்வேர்.

1952இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் உள்ள சிபா நிறுவனத்தின் வேதியியலாளர்கள் சர்ப்பகந்தா வேரிலிருந்து முதன்மையான மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்து அதற்கு ரெசர்பைன் எனப் பெயரிட்டனர். வேர்ப்பொடி செய்த வேலையை, ஒரு மில்லிகிராமுக்கும் குறைந்த தூய மருந்து செய்தது. அமெரிக்காவில் நேதன் கிளைன் என்னும் மனநல மருத்துவர் 1950களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தின் ராக்லாந்து மனநல மருத்துவமனையில் அதனைப் பயன்படுத்தி, மனநோயாளிகளின் கொந்தளிப்பு அடங்கியதை 1954இல் வெளியிட்டார். கட்டிவைத்தும் பூட்டிவைத்தும் நோயாளிகளை அடக்கிவந்த மனநல விடுதிகளில், மருந்தால் மனநோயைத் தணிக்க இயலும் என்னும் நம்பிக்கை பிறந்தது. அதே காலத்தில் பிரான்சு நாட்டில் கண்டறியப்பட்ட குளோர்புரோமசின் என்னும் மருந்தும் அந்நம்பிக்கையை வளர்த்தது; காலப்போக்கில் மனநல மருத்துவத்தில் ரெசர்பைனைக் காட்டிலும் அதுவே மிகுதியாக நிலைபெற்றது.

உணர்வும் வேதிப்பொருளும்

ஒரே வேர் இரத்த அழுத்தத்தையும் மனக்கொந்தளிப்பையும் ஒருங்கே தணித்தது ஏன்? இவ்வினாவே மூளையின் வேதியியலுக்கு வாயில் திறந்தது.

அச்சமோ சினமோ எழும்போது சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் ஹார்மோனைக் குருதியில் கலக்கின்றன. உடலெங்கும் பரவியுள்ள பரிவு நரம்புகளின் முனைகள் நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது. எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடல் தன்னை ஆயத்தம் செய்யும் முறை இது. பகை நீங்கியதும் எல்லாம் இயல்புக்குத் திரும்ப வேண்டும். தீராத நெருக்கடியில் உழல்வோர்க்கு அவ்வாறு திரும்புவது தடைப்படுகிறது.

நரம்பணுக்கள் இவ்வேதிப்பொருள்களைத் தம் முனைகளில் உள்ள நுண்ணிய பைகளில் சேமித்து வைக்கின்றன. செய்தி அனுப்ப வேண்டிய வேளையில் பை திறக்கும். வேதிப்பொருள் வெளிப்பட்டு அடுத்த அணுவைத் தொடும். ரெசர்பைன் அப்பைகளுக்குள் வேதிப்பொருள் நுழையாதவாறு தடுக்கிறது. களஞ்சியத்தின் வாயிலை அடைத்துவிட்டால், வெளியே கிடக்கும் தவசத்தைப் பறவைகள் தின்றுவிடும் அல்லவா? அதுபோலப் பைக்கு வெளியே தங்கும் வேதிப்பொருளை நொதிகள் சிதைத்துவிடுகின்றன. சேமிப்புத் தீர்ந்த நரம்புகள் இரத்தக்குழாய்களை முன்போல் இறுக்க முடிவதில்லை, அழுத்தம் தணிகிறது. மூளையிலும் இதுவே நிகழ்வதால் மனக்கிளர்ச்சியும் அடங்குகிறது.

இவ்வுண்மை ஒரே நாளில் புலப்படவில்லை. 1955இல் அமெரிக்காவில் பெர்னார்டு பிராடியும் அவருடைய குழுவினரும், ரெசர்பைன் மூளையில் உள்ள செரோட்டோனின் என்னும் வேதிப்பொருளைக் குறைப்பதைக் கண்டறிந்தனர். மூளையின் வேதிப்பொருளுக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய முதன்மையான சான்றுகளுள் இது ஒன்று. 1957இல் சுவீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்சன், ரெசர்பைன் அளிக்கப்பட்டு அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு எல்-டோபா என்னும் பொருளைச் செலுத்தினார். சற்று நேரத்தில் அவை எழுந்து நடமாடின. மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளுக்குத் தனிப் பணி உண்டு என்பதை அடுத்த ஆண்டுகளில் அவர் நிறுவினார். நடுக்குவாத நோய்க்கான மருத்துவம் அவ்வழியே பிறந்தது. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அம்முயல்களை அசைவற்றுக் கிடக்கச் செய்தது இந்தியச் செடியொன்றின் வேரில் விளைந்த மருந்தே.

மருந்தின் மறுபக்கம்

நன்மை செய்யும் மருந்து தீமையும் செய்யக்கூடும். ரெசர்பைனை நெடுநாள் உட்கொண்டோருள் சிலர் மூக்கடைப்பாலும் வயிற்றுப் புண்ணாலும் துன்புற்றனர். வேறு சிலர் காரணமின்றிச் சோர்ந்தனர், வாழ்வில் பிடிப்பிழந்தனர். அழுத்தம் தணிந்த மகிழ்ச்சியில் இருந்த மருத்துவர்கள், நோயாளியின் மனம் இருண்டுபோவதைக் கண்டு திடுக்கிட்டனர். மிகுந்த அளவில் மருந்து கொடுக்கப்பட்டவர்களிடமே இது பெரிதும் காணப்பட்டது. மனச்சோர்வுக்கும் ரெசர்பைனுக்கும் உள்ள தொடர்பு முதலில் எண்ணப்பட்ட அளவுக்கு நேரடியானது அன்று எனப் பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. ஆயினும் அந்த அச்சம் ஒரு பெரும் வினாவை எழுப்பியது. வேதிப்பொருள் குறைந்தால் மனம் சோரும் எனில், அதனைக் கூட்டினால் மனச்சோர்வு நீங்குமா? இன்று மனச்சோர்வுக்கு வழங்கப்படும் மருந்துகள் பலவும் இவ்வினாவின் வழித்தோன்றல்கள்.

ஒரு மருந்தின் பயனை மட்டுமன்றி அதன் தீங்கையும் கணக்கில் கொள்வதே அறிவியல் நெறி. சர்ப்பகந்தாவின் வரலாறு இயற்கையில் கிடைப்பதெல்லாம் தீங்கற்றது என்னும் எண்ணத்தைத் திருத்துகிறது. நாட்டு மருத்துவ அறிவில் ஆராயத் தக்கது ஏதும் இல்லை என்னும் எண்ணத்தையும் அது திருத்துகிறது.

உலகத் தேவை பெருகியதால் சர்ப்பகந்தா காடுகளில் வேரோடு பிடுங்கப்பட்டு அருகிவந்தது. மருந்து வேரில் இருப்பதால், வேரை எடுத்தால் செடி அழிந்துவிடும். எனவே இன்று அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

பெருமையும் பணியும்

அமெரிக்காவின் உயரிய மருத்துவ விருதாகிய இலாசுக்கர் விருது 1957ஆம் ஆண்டு வக்கீலுக்கு வழங்கப்பட்டது. ரெசர்பைனை மனநல மருத்துவத்துக்குக் கொண்டுசென்ற நேதன் கிளைனும் அதே ஆண்டு அவ்விருதைப் பெற்றார். 1958இல் இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்து வக்கீலைச் சிறப்பித்தது. 1965இல் மருத்துவ அறிவியலுக்கான சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசும் அவரை வந்தடைந்தது.

புகழ் வந்தபின்னும் அவர் நோயாளிகளையும் மாணவர்களையும் விட்டு விலகவில்லை. இந்திய மாணவர்கள் மேலைநாட்டு நூல்களையே நம்பி மருத்துவம் பயின்ற காலத்தில், நம் நாட்டு நோய்களையும் நம் மக்களின் உடல்நிலையையும் அடிப்படையாகக் கொண்ட பாடநூல் வேண்டும் என இந்திய மருத்துவர் சங்கத்தினர் கருதினர். 1969இல் வெளிவந்த அந்நூலின் முதற்பதிப்புக்கு வக்கீலே பதிப்பாசிரியராக விளங்கினார். பல பதிப்புகள் கண்ட அந்நூல் இன்றும் இந்திய மருத்துவ மாணவர்களின் கைகளில் உள்ளது. 1974ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் வக்கீல் இயற்கை எய்தினார்.

இன்றைய பயன்

இரத்த அழுத்தத்துக்கு இன்று ரெசர்பைன் அரிதாகவே வழங்கப்படுகிறது. பக்கவிளைவுகள் குறைந்த மருந்துகள் பல வந்துவிட்டன. ஆயினும் உயர் இரத்த அழுத்தத்தை மாத்திரையால் தணிக்க இயலும் என மருத்துவ உலகை நம்பவைத்த முன்னோடி மருந்துகளுள் அதுவும் ஒன்று.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவுப்பணி முடித்து விடியலில் வீடு திரும்பும் தொழிலாளியை எண்ணிப் பார்க்கலாம். உலையின் வெப்பம், எந்திரத்தின் இரைச்சல், மாறிமாறி வரும் பணிநேரம், கெட்டுப்போன உறக்கம் ஆகியவை அவர் உடலை ஓயாத விழிப்பில் வைத்திருக்கக் கூடும். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலியோ அறிகுறியோ இன்றியே வளர்வதால், அளந்து பார்த்தால் அன்றி அவர் அதனை அறிய மாட்டார். திருவள்ளூர் மாவட்டத்தின் சிற்றூர்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இன்று அந்த அளவு எடுக்கப்படுகிறது. மக்களைத் தேடி மருத்துவம் என்னும் தமிழ்நாடு அரசின் திட்டத்தால் 2021 முதல் இரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடியும் வருகின்றன.

1945இல் ரூஸ்வெல்ட்டுக்குக் கிட்டாத மருத்துவம் இன்று கும்மிடிப்பூண்டித் தொழிலாளிக்குக் கட்டணமின்றிக் கிட்டுகிறது. இடைப்பட்ட காலத்தில் பல நாட்டு அறிஞர்கள் உழைத்தனர். அவர்களுள் ஒருவர், தம் மண்ணின் வேரை மதித்து, அதனை அளந்து, அளந்ததை மறைக்காமல் உலகின்முன் வைத்த மும்பை மருத்துவர். நம் வீட்டுத் தாத்தாவோ பாட்டியோ காலையில் மறவாமல் விழுங்கும் சிறு மாத்திரைக்குப் பின்னே அவருடைய உழைப்பும் இருக்கிறது.